சந்தனம் வைத்த பூட்டு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சுதந்திர தின விடுப்பு முடிந்து மாலையில் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். வார்டன் சுலோச்சனா மேடம் வழக்கம்போலப் பையைக் கொட்டிப் பார்த்தார். முறுக்கை விட்டுவிட்டார், தலைவலித் தைலத்தை எடுத்துக்கொண்டார். மருந்து எதுவும் மாடிக்குப் போகக் கூடாது. முன்பு ஓர் அக்கா மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டாளாம். அதிலிருந்து இந்தச் சட்டம்.

கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். விளக்கு அணைத்த பிறகு குளியலறைக்குப் பக்கத்து ஜன்னலடியில் உட்கார்ந்தால் தெருவிளக்கின் வெளிச்சம் கொஞ்சம் விழும். யாராவது பார்த்தால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஊரில் அம்மாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர். முகம் தெரியாது, கைகள் மட்டும்தான். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கிறார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். "டேட்டா பூரா தீத்துட்டியேடி. படிக்க அனுப்பிச்சனா, திருட அனுப்பிச்சனா?" என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவர்கள் ஊரில் இது ஒரு பொழுதுபோக்காம். நாம் கேரம் ஆடுவது போல.

எனக்கும் பொழுதுபோக்குக்குத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன். பூட்டின் உருளைக்குள் சின்னச் சின்னக் குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. சரியான சாவி ஒவ்வொரு குச்சியையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும், உருளை சுற்றும். சாவி இல்லையென்றால் உருளையை மெல்லத் திருகிப் பிடித்தபடி குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். திருகிப் பிடித்திருப்பதால் தூக்கியது திரும்ப விழாது.

திருகுவதற்குத் தலையில் குத்தும் டிக்டாக் கிளிப்பின் தகடு. தூக்குவதற்கு என் உடைந்த குடையின் கம்பி. இரண்டையும் துணி துவைக்கும் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் அறை ஹரிணி வந்துவிட்டாள்.

"என்னடி யோகா, ஆசாரி வேலை பாக்கற? நீட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"கொண்டை ஊசி செய்யறேன்" என்றேன்.

"உன் எலிவாலுக்குக் கொண்டை ஊசி ஒரு கேடா?"

என் பெட்டியில் இருப்பது நம்பர் பூட்டு. பழகுவதற்கு உதவாது. கீழ்க் கட்டில் தாரணியிடம் அவளுடைய டிரங்குப் பெட்டிப் பூட்டைக் கேட்டேன். அவள் அதன் சாவியைக் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்திருக்கிறாள், குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். "எடுத்துக்க. கெடுத்து வெச்சீன்னா எங்கப்பாகிட்டச் சொல்லி லாரி ஸ்பேனர்லயே உன் மண்டையத் திருகுவேன்" என்றாள்.

ஆகஸ்ட் 25

திறக்கவில்லை. கட்டைவிரலில் கொப்புளம். வேதியியல் டெஸ்ட்டில் பாதிதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 27

"எதுக்குடி இவ்வளவு மெனக்கெடற?" என்று தாரணி கேட்டாள். பொழுதுபோக்கு என்றேன்.

"ஜூலைல நடந்ததுக்கா?"

"ச்சே. அதெல்லாம் யாரு நெனச்சுட்டு இருக்கா?"

அதை ஒரு முறை எழுதிவிட்டால் மறந்துவிடலாம். எங்கள் மாடி வாசலில் கிரில் கதவு இருக்கிறது. படிப்பு நேரம் முடிந்ததும் மேடம் அதை வெளியிலிருந்து பூட்டிவிட்டுச் சாவியோடு கீழ்த்தளத்துக்குப் போய்விடுவார். ஜன்னல்களுக்கும் கம்பி. தாரணிக்கு இளைப்பு உண்டு. அவளுடைய இன்ஹேலர் பம்ப் கீழே அலுவலக அலமாரியில் இருக்கிறது. பகலில் கேட்டால் தருவார்கள். ஜூலையில் ஒரு ராத்திரி அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக் கிரிலில் தட்டினோம். கை மரத்துப்போகும்வரை தட்டினோம். மேடம் மேலே வந்தபோது தாரணியின் உதடு நீலமாகியிருந்தது. பம்ப் அடித்த பிறகுதான் நிறம் வந்தது.

"டெஸ்ட்டுனாலே உங்களுக்கு நாடகம் வந்துரும்" என்றார் மேடம்.

மறுநாள் எல்லோருடைய தட்டுகளையும் வாங்கி மெஸ்ஸில் அடுக்கிவிட்டார்கள். இனி சாப்பிட்டு அங்கேயே கழுவி வைத்துவிட்டு வர வேண்டும்.

அவ்வளவுதான். இதற்கும் பூட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

திறந்துவிட்டது! துணி உலர்த்தும் இடத்தில், போர்வைகளுக்குப் பின்னால். நான் தவறுதலாக எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை நாளும் தகட்டை அழுத்திப் பிடித்ததுதான் தவறு. அழுத்தினால் எல்லாக் குச்சிகளும் இறுகிவிடுகின்றன. ஈரத் துணியிலிருந்து நூல் உருவுவது போல லேசாகப் பிடிக்க வேண்டும். மாலைக்குள் கண்ணை மூடிக்கொண்டும் திறந்தேன்.

"சங்ககிரியில ஒரு நகைக்கடை இருக்குது, போலாமா?" என்றாள் தாரணி. சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

செப்டம்பர் 4

தாரணி நன்றாகத் தூங்கினாள். நடுவில் ஒரு முறை இருமினாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

வராந்தா கூட்டும் முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹரிணி எனக்குத் துடைப்ப ராணி என்று பெயர் வைத்திருக்கிறாள். பகலில் கிரில் பூட்டு வாயைத் திறந்தபடி கொண்டியில் தொங்கும். சாவி மேடத்தின் இடுப்பில் இருக்கும். கூட்டுகிற சாக்கில் அதை மடியில் வைத்துக்கொண்டு பழகலாம்.

பித்தளைப் பூட்டு, உள்ளங்கையை நிறைக்கிறது. தாரணியின் பூட்டு இதன் பக்கத்தில் பொம்மை.

செப்டம்பர் 17

காலாண்டுத் தேர்வு. இயற்பியல் பரவாயில்லை.

பூட்டு ஏமாற்றுகிறது. குச்சிகளைத் தூக்கியதும் உருளை ஒரு நூல் அளவு சுற்றுகிறது. திறந்துவிட்டது என்று மனது துள்ளுகிறது. அதற்கு மேல் அசையாது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே நூல் அளவு. கூட்டும் நேரம் முடிந்து மணி அடித்துவிடுகிறது. இன்று அழுதேன். மேடம் பார்த்துவிட்டு, "கூட்டறதுக்கெல்லாமா அழுவாங்க? வேற ஆளப் போடறேன்" என்றார். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ராத்திரி அவர் பூட்டும் சத்தம் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன். பூட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். அந்த இழுக்கிற சத்தம்தான் ரொம்ப மோசம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பூட்டில் ஒன்றிரண்டு குச்சிகளுக்கு நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்க வேண்டும். அந்த இடுப்பு மாட்டிக்கொள்வதால்தான் பாதியில் நிற்கிறது. அப்போது தகட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உருளை பின்னால் போகும். எல்லாம் போச்சு என்று தோன்றும். அந்த நேரத்தில் பயப்படாமல் அதே குச்சியைத் தூக்கினால் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. வெற்றி வந்த மாதிரி இருக்கும்போது பின்வாங்க வேண்டும். இதைச் செய்ய எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது!

அக்டோபர் 1

பிளஸ் டூவுக்கு விடுமுறை மூன்று நாள்தான். திரும்பிவிட்டோம். தாரணி ஊருக்குப் போகவில்லை. அவளுடைய அம்மா இல்லை, அப்பா அழகேசன் நாக்பூர் பக்கம் லோடு போயிருக்கிறார். அலுவலக போனில் அவள் பேசியபோது பக்கத்தில் நின்றேன்.

"இன்னொரு பம்ப் வாங்கியாங்கப்பா. பாவாடை மடிப்புல தெச்சு வெச்சுக்கறேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறாராம்.

அக்டோபர் 8

திறந்தோம். பகலில் அல்ல, ராத்திரி. பூட்டியிருக்கும்போதே.

கம்பிகளுக்கு வெளியே கையை விட்டு, தலைகீழாக, பூட்டின் முகம் தெரியாமல் செய்ய வேண்டும். தாரணி தன் முகம் பார்க்கும் கண்ணாடியை வெளியே நீட்டிப் பிடித்தாள். அதில் சாவித்துளை தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் இடம் வலம் மாறிவிடுகிறது. பார்க்கப் பார்க்கக் குழம்பியது. பிறகு கையை மட்டும் நம்பினேன். நூல் அளவு சுற்றியது, தளர்த்தினேன், மறுபடி தூக்கினேன், பூட்டு வாயைத் திறந்தது.

ஹரிணி விழித்துக்கொண்டாள். "அடிப்பாவிங்களா" என்று மட்டும் சொன்னாள். காட்டிக் கொடுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

தாரணி கதவைத் தாண்டி முதல் படியில் போய் உட்கார்ந்தாள். "காத்து எப்படி வருது பாரு" என்றாள். காற்று எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வந்து பூட்டிக்கொண்டோம். எங்களை நாங்களே பூட்டிக்கொண்டது சிரிப்பாக இருந்தது.

இனி அவளுக்கு இளைப்பு வந்தால் நான் கீழே ஓடி மேடத்தின் கதவைத் தட்டலாம். என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை. இன்று தூங்கப்போகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

சாயங்காலம் எழுதுகிறேன், இன்று படிப்பு இல்லை என்பதால்.

காலையிலிருந்து எல்லாவற்றையும் கழுவினோம். மெஸ் அரிவாள்மனை, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், பள்ளி வேன், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மேடமே கிண்ணத்தோடு மாடிக்கு வந்து கிரில் பூட்டுக்கும் கட்டைவிரலால் அப்பிவிட்டுப் போனார். பெரிய பொட்டு. ஹரிணி, "பூட்டுக்குக் கல்யாணக் களை வந்துருச்சு" என்றாள்.

எல்லோரும் புத்தகங்களைக் கீழே பூஜை அறையில் அடுக்கினோம். நாளைக் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது.

"உன் ஆயுதத்த வெக்கலையாடி?" என்று தாரணி காதில் கேட்டாள். "அரிவாள்மனைக்கே வெக்கறாங்க. கோவிச்சுக்கிட்டு அடுத்த தடவ தெறக்காமப் போயிரப் போவுது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வைக்காமல் விட்டால் நிஜமாகவே திறக்காதோ? குடைக்கம்பியையும் தகட்டையும் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து, பொட்டு வைத்து, அடுக்கின் நடுவில் செருகினேன். மேடம் பூஜை அறையைப் பூட்டினார்.

மேடம் சாம்பிராணிக் கரண்டியோடு ஒவ்வோர் அறைக்கும் வந்தார். "மூலை முடுக்கெல்லாம் படட்டும், நல்லாப் படிப்பு வரும்." எங்கள் அறையில் புகை இன்னும் நிற்கிறது. தாரணி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கொடுத்த பொரியில் பாதியையும் கொஞ்சம் குங்குமத்தையும் காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அப்பா ரோட்டில் இருப்பதால் லாரிக்குப் பூஜை போட்டிருக்க மாட்டாராம்.

லேசாக இருமுகிறாள். புகை போனால் சரியாகிவிடும்.

அக்டோபர் 12, சனி

புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14

வெள்ளி ராத்திரி ஹரிணியின் கொண்டை ஊசிகள் எல்லாவற்றையும் வளைத்துவிட்டேன். இனி அவளிடம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஊக்குகளும் வளைந்துவிட்டன. காம்பஸ் முனை உடைந்துவிட்டது. சந்தனம் சாவித்துளைக்குள் போய்க் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. ஊசி உள்ளே போகவே இல்லை. தாரணி கண்ணாடியைப் பிடித்திருந்தாள். பிறகு கண்ணாடி அவள் கையில் ஆட ஆரம்பித்தது. பிறகு அதை ஹரிணி வாங்கிக்கொண்டாள்.

தட்டுகள் இல்லை. வாளிகளால் தட்டினோம், பிளாஸ்டிக் வாளிகள். கத்தினோம். மேடம் வந்தார். இந்த முறை நாடகம் என்று சொல்லவில்லை. பம்ப்பைக் கொண்டுவந்திருந்தார். கம்பி வழியாக வாங்கி அடித்தோம். அதை உள்ளே இழுக்க அவளால் முடியவில்லை. தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேடத்தின் சாவியும் உள்ளே போகவில்லை. எச்சில் தொட்டுப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் ஊற்றினார். "முருகா, முருகா" என்றார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட ஓடினார். வாட்ச்மேன் வந்து கல்லால் அடித்தார். நிறைய அடிக்க வேண்டியிருந்தது.

தாரணி என் மடியில்தான் இருந்தாள். கடைசியில் அவள் என் கையை எடுத்துத் தன் கழுத்துச் சாவிமேல் வைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கம்பி இருந்திருந்தால் சந்தனத்தைக் குடைந்திருக்கும். அது எஃகு. கீழே பூட்டிய பூஜை அறையில், கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது.

அக்டோபர் 15

கூட்டும்போது உடைந்த பூட்டு வராந்தா சாக்கடையில் கிடந்தது. எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. புதுப் பூட்டு இதைவிடப் பெரியது.

கீழ்க் கட்டிலில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 16

தாளாளர் வந்தார். எங்கள் மாடிப் பெண்களை மட்டும் அழைத்துப் பேசினார். தாரணிக்கு ஏற்கெனவே இருந்த நோய், வீட்டில் சரியாகச் சொல்லவில்லை, பள்ளியால் முடிந்த அனைத்தும் செய்யப்பட்டது. பிறகு அவர் போனதும் மேடம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"யார் கேட்டாலும் கிரில் தெறந்துதான் இருந்துச்சு. புரியுதா? உங்க பிராக்டிகல் மார்க் எல்லாம் இங்கதான் இருக்குது. அப்பா அம்மா கஷ்டப்பட்டுக் கட்டறாங்க, அத நெனச்சுக்கங்க."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

தாரணியின் அப்பா பெட்டியை எடுத்துப்போக வந்தார்.

நானும் ஹரிணியும் பெட்டியைக் கீழே தூக்கி வந்து அலுவலக வாசலில் வைத்தோம். அவர் லுங்கிமேல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைக்கு மடிப்புக் கலையவில்லை, வழியில் வாங்கியிருக்க வேண்டும். உள்ளே இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்படி மேடம் சொன்னார். சாவி இல்லை.

"அது அவ கழுத்துக் கயித்துல இருந்துச்சுங்க" என்றார் அவர். "அன்னிக்கு அதக் கழட்டணும்னு யாருக்கும் தோணல."

மேடம் வாட்ச்மேனைப் பார்த்து, "அந்தக் கல்லக் கொண்டா" என்றார்.

அதே கல். அதைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார்.

"உடைக்க வேண்டாங்க. பத்தாவது பாஸ் பண்ணப்ப நான் வாங்கிக் குடுத்த பெட்டிங்க" என்று தாரணியின் அப்பா குறுக்கே கையை நீட்டினார்.

"அப்பா, நான் தெறக்கட்டுங்களா?" இது என் குரல்தான்.

பாவாடை மடிப்பிலிருந்து கம்பியையும் தகட்டையும் எடுத்தேன். பொட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அந்தப் பூட்டை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அது உடனே திறந்துகொண்டது.

மேலேயே காகிதப் பொட்டலம் இருந்தது. அவர் பிரித்துப் பார்த்தார். பொரி நமுத்துப் போயிருந்தது. "அப்பா லாரிக்கு" என்று அவள் கையெழுத்து. அவர் அங்கேயே குந்தினார். குங்குமத்தில் விரலை வைத்தார், ஆனால் எடுத்து எங்கும் பூசவில்லை.

பிறகு என் கையைப் பார்த்தார்.

"சாவி இல்லாமத் தெறக்க நீ எதுக்குக் கண்ணு கத்துக்கிட்ட?"

மேடம் முந்திக்கொண்டார். "சும்மா வெளையாட்டுக்குங்க. போனப் பாத்துக் கெட்டுப் போறாங்க, இந்தக் காலத்துப் புள்ளைங்க. யோகப்பிரியா, நீ மேல போ."

நான் போகவில்லை.

"வெளையாட்டு இல்லைங்கப்பா. ராத்திரியில எங்கள வெளிய இருந்து பூட்டிருவாங்க. தாரணிக்கு இளைப்பு வந்தா ஓடறதுக்குத்தான் கத்துக்கிட்டேன்."

"தெறந்து இருந்துச்சுன்னு சொன்னாங்களே" என்றார் அவர். என்னிடமா, மேடத்திடமா என்று தெரியவில்லை.

"பூட்டித்தான் இருந்துச்சு." அது என் பின்னாலிருந்து ஹரிணி. அவள் அழுதுகொண்டே சொன்னாள். "சாவியே போவல. கல்லுல ஒடச்சாங்க. இந்தக் கல்லுதான்."

வாட்ச்மேன் கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

நான் மாடிக்கு ஓடிப் போய் உடைந்த பூட்டைக் கொண்டுவந்து தாரணியின் அப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் துளையைச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் விழுந்தது.

"தொளை மேலயா வெப்பாங்க" என்றார், மிகவும் மெதுவாக.

பூட்டைத் துண்டில் சுற்றி, பெட்டிக்குள் அவள் துணிகளுக்கு நடுவில் வைத்தார். மேடம் ஏதேதோ சொன்னார். அவர் காதில் எதுவும் விழவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் மட்டும் கேட்டார். போகும்போது தாரணியின் கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பியைப் பூஜையில் வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார்.

அக்டோபர் 21

அம்மாவை வரச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை வருகிறாள். ஒழுக்கக்கேடு என்று காரணம். போலீஸ்காரர் இருவர் மதியம் வந்து தாளாளர் அறையில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. நாளை மறுபடி வருவார்கள் என்று வாட்ச்மேன் சொல்கிறார். தாரணியின் அப்பா வெளிக் கேட்டுக்கு எதிரே லாரியை நிறுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலிலிருந்து லாரியின் முகப்பு தெரிகிறது.

இன்று ராத்திரியும் மேடம் வந்தார். புதுப் பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார்.

அவர் இறங்கிப் போன பிறகு ஹரிணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒன்பதாம் நம்பர் ரூம்ல ஒரு புள்ளைக்கு வலிப்பு வருமாம். நீ நாளைக்குப் போயிருவ. எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

இந்தப் பூட்டு எனக்கும் புதிது. அவளிடம் கம்பியையும் தகட்டையும் கொடுத்தேன். இறுக்கிப் பிடிக்காதே என்று சொன்னேன். அவள் கையை வெளியே விட்டாள். நான் கண்ணாடியைப் பிடிக்கப் போகிறேன், இதை மூடி வைக்கிறேன்.